கரையில் நின்று கொடுவா பிடித்தல்

பனிச்சங்கேணிப் பக்கம் வந்து தங்கியிருக்கும் விவசாயக் குடும்பங்களைச் சந்திக்கும்போதெல்லாம் ஒரே கேள்வி எம்மிடம் கேட்கப்படுகிறது. "வயலை விட்டு வந்தாயிற்று. தோணியும் இல்லை, வலையும் இல்லை. முன்னால் ஆறும் கடலும் கிடக்கிறது. கரையில் நின்று எதையாவது பிடித்துப் பிழைக்க முடியாதா, பாதர்?"

இந்தக் கேள்விக்கு நாம் ஒருமுறை தவறான பதில் சொன்னோம். சில ஆண்டுகளுக்கு முன் எமது குழுவினர் உதவிப் பணத்தில் வலைகளை மொத்தமாக வாங்கிக் கொடுத்தார்கள். எந்தக் கண் அளவு வலை எந்த நீருக்குப் பொருந்தும் என்று கரையில் வாழ்பவர்களிடம் நாம் கேட்கவில்லை. வலை வாங்கியவர்களில் பெரும்பாலோர் வலை பொத்தவும் அறியாதவர்கள். அவர்கள் வலையை இறக்கிய இடமோ வேறொருவர் காலங்காலமாகப் பாடு வைக்கும் இடம். முதல் வாரத்திலேயே வாய்த்தர்க்கம். இரண்டாம் மாதத்தில் வலைகள் கொட்டில் மூலையில் எலிக்கு இரையாகின. அன்று நாம் வலைக்குச் செலவிட்ட பணத்தில் பத்தில் ஒரு பங்கு இருந்திருந்தால் அத்தனை குடும்பத்துக்கும் தூண்டில் கொடுத்திருக்கலாம்.

தூண்டிலால் கறிக்கு மீன் பிடிப்பதை உங்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. குளத்தங்கரையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது விளையாட்டு. இங்கே நாம் எழுதுவது ஒரே ஒரு மீனைப் பற்றி. கரையில் நின்றபடியே பிடிக்கக்கூடிய மீன்களில் பெரியதும், நல்ல விலை போவதும், எளிதில் அகப்படாததுமான கொடுவாவைப் பற்றி. முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். கொடுவாவுக்குத் தூண்டில் போடுபவர் பல இரவுகள் வெறுங்கையுடன் திரும்புவார். இதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். கூலி வேலையையோ தோட்டத்தையோ விட்டுவிடவும் வேண்டாம். ஆனால் நீரின் போக்கு அறிந்தவருக்கு இந்த மீன் அகப்படும். நீரின் போக்கு வயல் செய்தவருக்குத் தெரியாததல்ல.

வாழைச்சேனையிலிருந்து வடக்கே திருகோணமலை வீதியால் போனால் காயாங்கேணி, மாங்கேணி கடந்து பனிச்சங்கேணி வரும். அதற்கு அப்பால் வாகரை. வீதியின் மேற்குப் புறத்தில் களப்பு. பாலத்துக்குக் கீழாக அந்த நீர் ஓடி மணல் மேட்டை வெட்டிக் கடலில் சேர்கிறது. ஊரின் பெயரிலேயே பனிச்சை மரம் இருக்கிறது. நைலோன் வருவதற்கு முன், பருத்தி நூல் வலைகள் உப்பு நீரில் உக்கிப் போகாமல் இருக்கப் பனிச்சங்காய்ச் சாற்றில் ஊறப்போட்டு எடுப்பார்கள். அந்தக் காய் இன்று எவருக்கும் தேவைப்படுவதில்லை.

இந்த இடத்தில் நின்று ஒரு பெரிய வக்கடையைக் கற்பனை செய்து பாருங்கள். மேல் வயலில் நீர் நிரம்பியிருக்கிறது. வரம்பை ஓரிடத்தில் வெட்டிவிட்டால் நீர் அந்த இடுக்கு வழியாக விரைந்து கீழ் வயலில் விழுகிறது. விழுகிற இடத்தில் சிறு பள்ளம் தோண்டப்படுகிறது. நீரோடு அள்ளுண்டு வரும் பூச்சியையும் குஞ்சையும் தின்ன மீன்கள் அந்தப் பள்ளத்தின் ஓரத்தில் வந்து நிற்கும். அதனால்தான் நீங்கள் கரப்பையோ கூட்டையோ வயலின் நடுவில் வைக்காமல் வக்கடையில் வைத்தீர்கள். களப்பு மேல் வயல், கடல் கீழ் வயல், ஆற்றுவாய் வக்கடை. கொடுவாவும் அந்த இடத்தில்தான் நிற்கும்.

ஆனால் அது ஓட்டத்தின் நடுவில் நிற்பதில்லை. கொடுவா துரத்திப் பிடிக்கும் மீனல்ல. பதுங்கி நிற்கும் மீன். ஓடும் நீரும் ஓடாத நீரும் சந்திக்கும் கோட்டில், பாலத் தூணின் மறைவில், அமிழ்ந்து கிடக்கும் மரத்தின் பக்கத்தில், கண்ணாப் பற்றைக்குள்ளிருந்து சிற்றோடை வந்து சேரும் வாயில், ஓட்டத்தை எதிர்நோக்கித் தலையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும். இரை அருகில் வந்ததும் பெரிய வாயைத் திடீரெனத் திறக்கும். நீரோடு இரையும் உள்ளே இழுபட்டுப் போகும். இரவில் பாலத்து வெளிச்சம் நீரில் விழுந்தால், வெளிச்சத்தில் நிற்காது. வெளிச்சமும் நிழலும் பிரியும் கோட்டில் நிழல் பக்கமாக நிற்கும். ரோச் லைற் அதன் கண்ணில் பட்டால் கண் செந்தணலாக மின்னும். அதைப் பார்த்து மகிழ்ந்தால் அன்றைக்கு அந்த மீன் உங்களுக்கு இல்லை.

இந்த மீன் வாழும் விதத்தை அறிந்துகொள்வது அதைப் பிடிக்கவும் உதவும், காக்கவும் உதவும். கொடுவா முட்டையிடுவது உப்புக் கூடிய நீரில், ஆற்றுவாய்களை ஒட்டி. பொரித்த குஞ்சுகள் பெருக்கு நீரோடு உள்ளே வந்து, கண்டல் சதுப்புகளிலும் மழை வெள்ளம் பரவிய தாழ்நிலங்களிலும் நன்னீரிலும் வளரும். வாவிக்கரையோரம் வயல் செய்தவர்களில் சிலர் மாரிக் காலத்தில் வாய்க்காலில் கொடுவாக் குஞ்சைக் கண்டிருக்கக்கூடும். வளர்ந்தபின் அது மறுபடியும் உப்பு நீரைத் தேடி இறங்கும். முதலில் எல்லாம் ஆண்தான். மூன்று நான்கு வயதில், ஏறக்குறைய இரண்டரைச் சாண் நீளத்தில், ஆணாகப் பருவமடையும். இன்னும் சில ஆண்டுகள் வாழ்ந்து இரண்டு முழம் அளவுக்கு வளரும்போது அதே மீன் பெண்ணாக மாறும். ஆகவே பெரிய கொடுவா என்றால் அநேகமாகத் தாய்மீன். அப்படிப்பட்ட பெரிய மீன் ஒன்று கோடிக்கு மேற்பட்ட முட்டைகளை இடக்கூடியது. சென்னைக்கு அருகில் முட்டுக்காட்டில் உள்ள இந்திய அரசின் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தார் 1997இல்தான் தொட்டியில் வைத்த தாய்மீன்களிலிருந்து கொடுவாக் குஞ்சு பொரிப்பித்தார்கள். எமது ஆற்றுவாயில் அதே வேலை செலவில்லாமல் நடந்துகொண்டிருக்கிறது.

எப்போது போவது? எமது கரையில் கடல் ஏறி இறங்கும் அளவு மிகக் குறைவு; இரண்டடிக்கு உட்பட்டதே. ஆகவே இங்கே ஓட்டத்தைத் தீர்மானிப்பது பெரும்பாலும் மழையும் ஆற்றுவாயின் நிலையும்தான். வெயில் காலத்தில் அலை மணலைக் கொண்டுவந்து வாயை ஒடுக்கிவிடும். சில இடங்களில் முற்றாக மூடிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து களப்பு நிரம்பும்போது நீர் தானாகவே உடைத்துக்கொண்டு பாயும், அல்லது வெட்டிவிடப்படும். மட்டக்களப்பு வாவியின் முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பதில் வயல்காரருக்கும் மீன்காரருக்கும் வரும் இழுபறியை உங்களில் பலர் அறிவீர்கள். அந்த வாதத்தில் நீங்கள் இதுவரை வயல் பக்கத்தில் நின்றீர்கள். இனி மறுபக்கத்தார் சொல்வதும் காதில் விழும்.

வாய் உடைத்த முதல் நாட்களில் நீர் சேறாகவும் வேகமாகவும் இருக்கும், தூண்டில் நிலைகொள்ளாது. கலங்கல் சற்றுத் தெளிந்து தேயிலைச் சாயம்போல ஆகும்போது போக வேண்டும். அமாவாசையையும் பறுவத்தையும் ஒட்டிய நாட்களில் ஓட்டம் கூடுதலாக இருக்கும். பொழுது சாயும் நேரமும், விடியலுக்கு முந்திய நேரமும், ஓட்டம் திரும்புவதற்குச் சற்று முன்பின்னான நேரமும் நல்லது. நடுப்பகலில் நின்று உடம்பை வருத்துவதில் பயனில்லை.

இனித் தூண்டில். இருபது கிலோ பாரம் தாங்கும் தங்கூசி நூறு யார். அதை ஒரு மரக்கட்டையிலோ பெரிய பிளாஸ்ரிக் போத்தலிலோ சீராகச் சுற்றிக்கொள்ளுங்கள். நுனியில் ஒரு பாகம் நீளத்துக்கு இதைவிடத் தடித்த தங்கூசியை முடியுங்கள். கொடுவாவின் செவிள் மூடியின் ஓரம் சவர அலகு போன்றது. மெல்லிய தங்கூசியை ஒரு தலையசைப்பில் அறுத்துவிடும். பாலத் தூணில் ஒட்டியிருக்கும் சிப்பியும் அப்படியே. தூண்டில் முள் சுண்டுவிரல் நீளத்தில், உறுதியானதாக இருக்கட்டும். நகத்தில் கீறிப் பார்த்தால் வழுக்காமல் குத்தி நிற்க வேண்டும். ஈயக்குண்டை இறுக்கிக் கட்டாமல் நூலில் நகரும்படி கோர்த்தால், மீன் இரையை எடுக்கும்போது பாரத்தை உணராது. ஓட்டம் அனுமதிக்கும் அளவுக்கு ஈயத்தைக் குறையுங்கள். இரை அடியில் கட்டுண்டு கிடக்காமல் ஓட்டத்தோடு மெல்ல நகர்ந்து போவதே நல்லது.

செத்த இரைக்கு மற்ற மீன்கள் வரும். கெளிறும் நண்டும் தவறாமல் வரும். கொடுவாவுக்கு உயிர் இரை வேண்டும். விரல் நீள மணலைக் குஞ்சு, அல்லது உயிருள்ள இறால். மணலையானால் உதடுகள் இரண்டையும் சேர்த்துக் குத்துங்கள். இறாலானால் தலையில் கறுப்பாகத் தெரியும் இடத்தில் முள் படக்கூடாது. பட்டால் உடனே செத்துவிடும். கொம்புக்குக் கீழாக, அந்தக் கறுப்புக்கு முன்னால் குறுக்கே ஏற்ற வேண்டும். இரையைப் பிடிக்க அத்தாங்கோ சிறு வீச்சு வலையோ போதும். வாளியில் பத்துக்கு மேல் போடாதீர்கள். நீரை அடிக்கடி மாற்றி, நிழலில் வையுங்கள். தூண்டிலில் பாதி வேலை இந்த வாளியில்தான் இருக்கிறது. இதைப் பொறுமையாகக் கவனிப்பதில் பெண்களும் பிள்ளைகளும் ஆண்களை வென்றுவிடுவதைக் கண்டிருக்கிறோம்.

ஓட்டத்தின் மேல் பக்கத்தில் நின்று, மீன் நிற்கும் இடத்துக்கு மேலாகவே இரையை விட்டு, ஓட்டம் அதை எடுத்துச்செல்ல விடுங்கள். மணலில் ஓடித் திரியாதீர்கள்; கதைப்பதைவிடக் காலடி அதிர்வு கூடாது. இரை திடீரெனப் பதறுவது கையில் தெரியும். அதற்கு அடுத்து ஒரு கனமான தட்டு. அப்போதே வெட்டி இழுத்தால் பெரும்பாலும் முள் வெளியே வந்துவிடும். இரண்டு முழம் நூலை விட்டுக்கொடுத்து, மீன் திரும்பிச் செல்லும் பாரம் கையில் ஏறியதும் உறுதியாக இழுத்துப் பிடியுங்கள். அது உடனே நீருக்கு மேலே எழும்பி, வாயை அகலத் திறந்து, தலையை இருபுறமும் அடிக்கும். பிடித்தவர்கள் சொல்லும் கதைகளில் அதிகமானவை இந்த இடத்தில்தான் முடிகின்றன. கையை நீர்மட்டத்துக்குத் தாழ்த்துங்கள். நூல் தளரவும் கூடாது, முறுக்கி இழுக்கவும் கூடாது. தூணுக்குள் ஓட முயன்றால் மட்டும் விடாமல் பிடியுங்கள். மற்றப்படி ஓடவிட்டுக் களைக்க வையுங்கள்.

தங்கூசியைக் கையில் ஒருபோதும் சுற்றாதீர்கள். பெரிய மீன் இழுக்கும்போது விரல் எலும்புவரை அறுபட்டவரைக் கண்டோம். பழைய சைக்கிள் ரியூப்பில் விரலளவு துண்டு வெட்டி ஆட்காட்டி விரலில் மாட்டிக்கொண்டால் போதும். கரைக்கு வந்த மீனை அலையோடு சேர்த்து மணலில் ஏற்றிவிடுங்கள். செவிளில் விரல் கொடுக்க வேண்டாம். துணியைப் பிடித்து, கீழ் உதட்டால் தூக்குங்கள்.

மீனைவிட நீங்கள் பெறுமதியானவர்கள் என்பதால் இன்னும் சில. ஆற்றுவாயில் வெளியே பாயும் நீர் முழங்கால் அளவே இருந்தாலும் ஆளைச் சாய்த்துக் கடலுக்குக் கொண்டுபோய்விடும். காலடி மணல் அரிபட்டு ஒரு நொடியில் இடுப்பளவாகும். குளத்தில் நீந்தத் தெரிந்தவர் இங்கே நீந்தத் தெரிந்தவர் ஆகமாட்டார். நீரில் இறங்காமல், மணல் மேட்டில் விளிம்பிலிருந்து நான்கு முழம் தள்ளி நில்லுங்கள். விளிம்பு இடிந்து விழும். தனியாகப் போகாதீர்கள். வாடைக் காற்றுக் காலத்தில் கடற்புறம் முதுகு காட்டி நிற்காதீர்கள். களப்புப் பக்கம் கண்ணாவுக்குள் இரவில் இறங்க வேண்டாம். மட்டக்களப்பு மாவட்டத்து வாவிகளில் முதலை உண்டு. ஆழமற்ற நீரில் நடக்க நேர்ந்தால் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடவுங்கள். மணலில் புதைந்திருக்கும் திருக்கை விலகிப் போகும். திருக்கையோ கெளிறோ குத்திவிட்டால், தோல் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் அந்த இடத்தை அமிழ்த்தி வைத்தால் வேதனை தணியும். முள் முறிந்து உள்ளே இருந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். ஒரு போத்தல் சுடுநீரையும் ஒரு துண்டுத் துணியையும் கொண்டுபோவது பாரமல்ல.

ஏற்கெனவே இங்கே வாழ்பவர்களைப் பற்றியும் பேச வேண்டும். இந்தக் கரை வெறுங்கரையல்ல. 1911இல் செலிக்மன் தம்பதியர் வேடர்களைப் பற்றி எழுதிய நூலில் இந்தக் கீழ்க்கரையின் கடலோர வேடர்களுக்கென ஓர் அத்தியாயம் இருக்கிறது. வாகரைப் பிரதேசத்தில் அவர்களது வழிவந்தோர் இன்றும் வாழ்கிறார்கள். சேனையும் செய்து, களப்பில் மீனும் பிடித்து வாழ்ந்தவர்கள் அவர்கள். மண்ணும் நீரும் ஒரே குடும்பத்தைப் போஷிப்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. பிறகு போர், 2004 டிசம்பர் 26இல் கடற்கோள், 2006ஆம் ஆண்டின் இறுதியிலும் 2007 தொடக்கத்திலும் வாகரையிலிருந்து மக்கள் முழுவதுமாக வெளியேறியமை. இன்று உங்களை "வந்தவர்கள்" என்று சொல்பவர்களும் ஒரு காலம் வேறோர் ஊரில் வந்தவர்களாக இருந்தவர்களே. இதை அவர்களுக்கு நீங்கள் நினைவூட்டினால் சண்டை வரும். வலை வைத்த இடத்தில் தூண்டில் போடாமல், முதல் நாள் கேட்டுக்கொண்டு போனால் பெரும்பாலும் இடம் காட்டிக்கொடுப்பார்கள். எமக்கும் அப்படித்தான் காட்டப்பட்டது. பாலத்தடியில் ஒரு முதியவர், நாம் இரண்டு மணி நேரம் தவறான பக்கத்தில் நின்றதைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் எழுந்து வந்து ஒரு விரலால் மறு பக்கத்தைக் காட்டினார். காரணம் கேட்டதற்கு, "ஓட்டம் திரும்பினால் மீனும் திரும்பும்தானே" என்றார்.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் வெடியையும் நஞ்சையும் தடைசெய்கிறது. தங்கூசி வலைக்கும் தடை உண்டு. ஆற்றுவாயைக் குறுக்கே வலையால் அடைப்பது எவர் செய்தாலும் பக்கத்து ஊரின் வயிற்றில் அடிப்பதாகும். ஓரிடத்தில் தொழில் செய்யுமுன் அந்தப் பகுதிக் கடற்றொழில் பரிசோதகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அனுமதி தேவைப்படும் இடமா இல்லையா என்று அவர் சொல்வார்.

எந்த மீனை வைத்துக்கொள்வது, எதை விடுவது? அவுஸ்திரேலியாவில் இதே மீனைப் பரமுண்டி என்கிறார்கள். அங்கே பலர் பணம் செலவழித்து, விடுமுறை எடுத்து, ஆற்றங்கரையில் இதற்காகக் காத்து நிற்கிறார்கள். குயின்ஸ்லாந்து மாநிலத்தின் கிழக்குக் கரையில் 58 சென்ரிமீற்றருக்குக் குறைந்ததையும் 120 சென்ரிமீற்றருக்கு மேற்பட்டதையும் ஆற்றிலும் கடலிலும் பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது. நவம்பர் தொடங்கி ஜனவரி முடியும்வரை அங்கே பிடிக்கவே கூடாது. சிறியது இன்னும் பருவமடையாதது. மிகப் பெரியது தாய். பசித்த வீட்டுக்காரர் கையில் பதினைந்து கிலோ மீன் வந்தபின் அதை விட்டுவிடு என்று சொல்ல எமக்கு வாய் வரவில்லை. அப்படிச் சொல்பவர் மாலையில் தன் வீட்டில் மீன் சாப்பிடுபவராக இருப்பார். ஆனால் இரண்டரைச் சாணுக்குக் குறைந்த கொடுவாவை விட்டுவிடுவது எவருக்கும் முடியும்.  பெரியது ஒன்று அகப்பட்டால் அன்றைக்குத் தூண்டிலைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். வாயை ஒட்டி அவை கூட்டமாக நிற்கும் பறுவ நாட்களில் ஒரே இரவில் நான்கு ஐந்து பிடித்ததைப் பெருமையாகச் சொல்பவர்களை நாம் பாராட்டுவதில்லை.

விற்பதைப் பற்றி. பிடித்தவுடன் செவிளை வெட்டி இரத்தம் போகவிட்டு, ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் ஐசில் போட வேண்டும். விடியும்வரை மணலில் கிடந்த கொடுவாவுக்குக் கேட்கும் விலை கிடைக்காது. வாடிக்காரரின் வாயிலிருந்து வரும் விலைதான் விலை. முற்பணம் தருகிறேன், பிடிப்பதை எனக்கே தா என்று சொல்பவரிடம் கவனமாயிருங்கள். நெல்லை விளையுமுன்பே விற்றுப் பழகியவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒரு ஐஸ் பெட்டி வாங்கி, யார் பிடித்தாலும் அதிலே வைத்து, காலை பஸ்ஸில் ஒருவர் வாழைச்சேனைக்குக் கொண்டுபோனால் போக்குவரத்துச் செலவும் பங்காகும். பெட்டி யார் வீட்டில் இருப்பது, ஐசுக்கு யார் காசு போடுவது, மீன் படாத வாரத்தில் அந்தக் காசை எப்படிக் கணக்கு வைப்பது என்பவற்றைப் பெட்டி வாங்குமுன்பே ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். அந்தக் கொப்பியை வீட்டுப் பெண்களில் ஒருவர் வைத்திருப்பது நல்லது.